மஞ்சளாகாத சிவப்பு

எங்கள் கடைக்கு வருகிறவர்களைக் கையை வைத்துத்தான் எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். மேசைக்கு மேலே சீட்டோடு ஒரு கை நீளும். சீட்டை வாங்கிப் படிப்பேன், பின்னால் திரும்பி இழுப்பறைகளைத் திறப்பேன், நிறுப்பேன், பொட்டலம் கட்டி அதே கையில் வைப்பேன். மட்டாஞ்சேரி பஜாரில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. நாட்டு மருந்துக் கடை. பலகையில் மலையாளத்தில் அங்ஙாடி மருந்து என்று எழுதியிருக்கும். வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் வேரும் பட்டையும் கொட்டையும் எங்களிடம் கிடைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். சீட்டில் இருப்பதைக் கொடு, யாருக்கு என்ன நோய் என்று கேட்காதே. மூலம், பிள்ளையில்லாத குறை என்று வெளியே சொல்ல முடியாத கஷ்டத்தோடு ஆட்கள் வருவார்கள், கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்றார். அதைவிட எனக்குப் பிடித்த உத்தரவு வேறு இருக்க முடியாது. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

என் மகளுக்கு எட்டாம் வயதில் டான்சில் ஆபரேஷன் ஆனது. மாதம் ஒரு காய்ச்சல், மாதம் ஒரு வாரம் பள்ளிக்கூடம் இல்லை என்று இரண்டு வருடம் போன பிறகு, எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்று முடிவானது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். அதுவும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

கிளம்பும்போது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். முதல் நாளைவிட ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வலி கூடும். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தச் சமயத்தில்தான் உதிரத் தொடங்கும். வலி மருந்தை அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தொண்டை காயக் கூடாது. வேறு எந்த மருந்து கொடுப்பதானாலும் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது, ரத்தம் வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். ரத்தம் ஒரு சொட்டுக் கண்டாலும் உடனே வர வேண்டும். காகிதத்தின் அடியில் போன் நம்பர் இருக்கிறது, என்ன சந்தேகம் என்றாலும் கூப்பிடலாம் என்றார்.

லிப்ட் வரை வந்த பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் பதிமுகக் கட்டையின் சீவலைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான். இந்தப் பக்கம் ஹோட்டலில் போய் உட்கார்ந்தாலும் அதைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். ரோஸ் நிறமாக இருக்கும். அது சிவப்பில் சேருமா? திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் டாக்டரம்மா அறை வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில் புகுந்து குடிதண்ணீரைப் பற்றிக் கேட்பதா? ஜூஸைத்தான் சொல்லியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு லிப்டில் ஏறிவிட்டேன்.

பதிமுகத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அது மஞ்சளாகிவிடும். என் மகளுக்கு அதில் ஒரு பைத்தியம். வீட்டுக்கு யார் வந்தாலும் தம்ளரை முன்னால் வைத்து, மந்திரம் போடுவதுபோலக் கையை ஆட்டி, பழத்தைப் பிழிந்து நிறத்தை மாற்றிக் காட்டுவாள். பார்த்துப் பார்த்து அலுத்தவர்களும் ஆச்சரியப்பட்டாக வேண்டும்.

மூன்று நாள் எப்படியோ சமாளித்தோம். நான்காம் நாள் மருந்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமலே இருந்தாள், பிறகு துப்பினாள். வலி காதுக்கு ஏறியிருந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். பேச்சு இல்லை. வேண்டுமென்றால் ஒரு விரல், வேண்டாமென்றால் இரண்டு விரல். நாள் முழுக்க இரண்டு விரல்தான்.

கொச்சங்காடியில் இருக்கும் என் அக்கா ஒத்தாசைக்குத் தினமும் காலையில் வந்துவிடுவாள். எங்கள் குடும்பத்தில் எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். அவள் பேச்சுக்கு எதிராக என் மனைவி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நான் என்றைக்கும் சொன்னதில்லை.

"ஊருக்கெல்லாம் மருந்து கட்டிக் குடுக்கறான். பெத்த புள்ளைக்கு மட்டும் சீசாவத் தூக்கிட்டு அலையறான்" என்று என் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன் தம்பி, உங்க கடையில தொண்டைக்குன்னு ஒண்ணுமே இல்லையா? அப்பறம் என்னத்துக்கு அந்தக் கடை, பூட்டிட்டு வந்திர வேண்டியதுதானே."

எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. அதிமதுரத்தை இங்கே இரட்டிமதுரம் என்பார்கள். தொண்டை கட்டிய பாட்டுக்காரர்கள் எங்களிடம் அதை வாங்கி வாயில் அடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு இரண்டு நாளாக வீட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். நம்பர் எழுதிய காகிதமும் அதே பையில்தான் இருந்தது. இரண்டையும் வெளியே எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் பதினோரு மணி இருக்கும், கடையில் மேசைமேல் ஒரு கை நீண்டது. பெண் கை. மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்துப் பொசுங்கிய தழும்பு, பழசு. மாதத்துக்கு ஒரு தடவையாவது வருகிற கை. சீட்டு மடிப்புகளில் கிழிந்து, தொட்டால் நான்காகப் பிரிந்துவிடும்போல் இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை வேர், கடுக்காய், இரட்டிமதுரம். திப்பிலி மற்றதைவிட இரண்டு பங்கு. நெஞ்சுச் சளி முற்றிய யாரோ பெரிய ஆளுக்கு எழுதினது என்று நினைத்தேன். பழைய சீட்டோடு எத்தனையோ பேர் வருவார்கள். நிறுத்துக் கட்டினேன். அந்தத் தழும்பைப் பார்த்து ஏதோ இரக்கமாக இருந்தது. சுக்கு இழுப்பறையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் கொசுறாகப் போட்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகள் தூங்கியிருந்தாள். இன்று பரவாயில்லை, அழவில்லை என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி நின்றாள். நான் கேட்கவில்லை. அழவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆறாம் நாள் நண்பகலுக்குச் சற்று முன்னால் மனைவியிடமிருந்து போன் வந்தது. கடை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் வேண்டாம் என்கிறாள், சும்மா உட்கார்ந்து விழுங்கிக்கொண்டே இருக்கிறாள், வந்துவிட்டுப் போங்கள் என்றாள். குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் அக்கா இருக்கிறாள் என்று புரிந்தது.

கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம். அன்று எத்தனை நிமிஷம் ஆனது என்று தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டில் என் கடையின் வாசனை. நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வருடம் பழகின மூக்கு, தானாகவே பிரித்துப் பார்த்தது. திப்பிலி. ஆடாதோடை. அடியில் கடுக்காய்த் துவர்ப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அளவுக்கு மீறின சுக்கு. நேற்று நான் கட்டின பொட்டலம் என் வீட்டு அடுப்பில் கொதித்திருந்தது.

அக்கா ஒளிக்கவில்லை. கொச்சங்காடியில் தன் பக்கத்து வீட்டுக்காரியின் கணவருக்கு எப்போதோ ஒரு வைத்தியர் எழுதின சீட்டு, தொண்டைக்கு நன்றாகக் கேட்கும் என்றாளாம். நான் பயந்து தடுப்பேன் என்று அவளிடமே சொல்லி வாங்கிவரச் சொன்னாளாம். நேற்று மாலை தன் வீட்டில் காய்ச்சிப் பிளாஸ்க்கில் கொண்டுவந்து, தேன் விட்டு, நாலைந்து கரண்டி கொடுத்தாளாம். இன்று காலை நான் போன பிறகு மீதியை இங்கேயே காய்ச்சி அரைத் தம்ளர் கொடுத்தாளாம். இரண்டு மருந்து ஒன்றாகக் கூடாது என்று சீசா மருந்தை நிறுத்திவிட்டார்களாம்.

"உங்க கடைச் சாமான்தான் சுத்தமா இருக்கும்னு அங்கயே போகச் சொன்னேன் தம்பி" என்றாள். அதில் குத்தல் இல்லை. எனக்குப் பெருமையாக இருக்கும் என்றே நினைத்திருப்பாள்.

நான் மகளைப் பார்த்தேன். சுவரோரமாக, மடியில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விழுங்கினாள். ஐந்து எண்ணுவதற்குள் மறுபடி விழுங்கினாள். கழுத்து ஏறி இறங்கியது. உதடு வெளுத்திருந்தது. கிண்ணத்தில் துப்பியிருந்தாள். ரோஸ் நிறம்.

"அது பதிமுகத் தண்ணி. கசாயம் எரியுதுன்னு அழுதா, நாந்தான் ரெண்டு மொடக்கு குடுத்தேன்" என்றாள் அக்கா.

எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் என்றாள். எப்போது துப்பினாள் என்று மனைவியைக் கேட்டேன். இப்போது, நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றாள். கசாயத்தில் சிவப்புத் தருகிற சாமான் ஒன்றுகூட இல்லை, அது எனக்குத் தெரியும். மிச்சம் இருப்பது பதிமுகம். அது தண்ணீராக மட்டும் இருந்துவிட்டால் ஒன்றுமில்லை.

சமையலறைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டினேன். ஒரு தம்ளரில் கெட்டிலிலிருந்து பதிமுகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து, கிண்ணத்தை மகளின் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில். முதலில் தம்ளரில் பிழிந்தேன். சாறு விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் பரவி, முழுக்க மஞ்சளானது. பிறகு கிண்ணத்தில் பிழிந்தேன்.

மாறவில்லை. இன்னும் கொஞ்சம் பிழிந்தேன். கறுத்தது, அவ்வளவுதான்.

அந்த வித்தை வீட்டில் யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி விழுங்கினாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் விழுங்கிக்கொண்டிருந்தது எச்சில் இல்லை.

தெருமுனையில் நின்ற ஆட்டோவைப் பிடித்தேன். மகளைப் படுக்கவிடாமல், முன்பக்கமாகச் சாய்த்து மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவும் ஏறிக்கொண்டாள். நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, மூடி போட்ட கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டேன். தோப்பும்படி தாண்டும்போது பாலத்துக்கு முன்னால் மீன் லாரிகள் வரிசையாக நின்றன. ஐஸ் தண்ணீர் சாலையில் ஒழுகியது. ஆட்டோ நகரவில்லை. துப்பு, விழுங்காதே என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். துப்பும் சத்தம் வந்த ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி, மனைவி பிடித்திருந்த துவாலையைப் பார்த்தேன். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே லாரிகளுக்கு நடுவில் நுழைத்தான்.

பாலத்தின் மேல் ஏறியதும் அக்கா என் தோளைத் தொட்டாள். "தம்பி, கசாயத்தப் பத்தி அங்க வாயத் தொறக்காத. புள்ளையப் பாக்கறத விட்டுட்டு நம்மள விசாரிச்சிட்டு நிப்பாங்க."

வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவே இறங்கி வந்தார். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். இடது பக்கம் கசிகிறது, மேலே ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது என்று பக்கத்து டாக்டரிடம் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி, எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள், எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். கேட்கக் கேட்க எழுதினார்.

"வேறே எந்தெங்கிலும் கொடுத்தோ?" வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா, "ஒண்ணும் கொடுத்தில்ல டாக்டரே" என்றாள்.

டாக்டரம்மா அதை எழுதத் தொடங்கினார். சின்னக் கை, நடுவிரலில் மை. அந்தப் பேனா காகிதத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் இரண்டு நர்ஸ்கள், ஒரு டாக்டர், திரைக்கு அந்தப்பக்கம் யாரோ நோயாளியின் ஆட்கள். கட்டிலில் என் மகள் விழுங்கினாள்.

"கொடுத்து" என்றேன். கொடுத்தோம் என்று.

பேனா நின்றது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள் என்று தெரிந்தது. நான் பேனாவையே பார்த்துக்கொண்டு, கடையில் சீட்டைப் படிப்பதுபோல மலையாளத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுக்கு இவ்வளவு, குருமுளகு இவ்வளவு, திப்பலி இரட்டி, ஆடலோடகம் வேர், கடுக்கா, இரட்டிமதுரம். இத்தனை தண்ணீர், இத்தனையாக வற்றவைத்தது. நேற்று மாலை நாலைந்து கரண்டி, இன்று காலை அரைத் தம்ளர். சீசா மருந்து மூன்று வேளை இல்லை. பதிமுகத் தண்ணீர் தினமும். அக்கா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"பின்னே ஒரு பிடி சுக்கு கூடுதல்" என்றேன்.

"அது சீட்டில் இல்லாததோ?"

"இல்ல. அது நான் போட்டது."

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதினார். பிறகு என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். கசாயத்தைவிட மூன்று வேளை மருந்தை நிறுத்தியதுதான் பெரிய தப்பு என்றார். வலித்தால் பிள்ளை தண்ணீர் குடிக்காது, குடிக்காவிட்டால் தொண்டை காயும், காய்ந்தால் பொருக்கு வெடித்துப் பிரியும். காரம் பட்டதால் கசிந்ததா, காய்ந்ததால் கசிந்ததா, இரண்டும் இல்லாமல் தானாகவே வந்ததா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இப்போதைக்குப் பார்ப்போம், நான்கு மணிக்குள் நிற்காவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து உள்ளே எடுத்துப்போக வேண்டும் என்றார்.

அதற்கு ஒரு கையெழுத்து கேட்டார்கள். போட்டேன்.

மகளின் முன்னால் ஒரு வெள்ளைத் தட்டை வைத்தார்கள். பீன்ஸ் விதைபோல வளைந்த தட்டு. விழுங்காமல் அதில்தான் துப்ப வேண்டும். வலிக்கு ஊசி போட்டார்கள். நர்ஸ் ஐஸ் துண்டை உடைத்து உடைத்து வாயில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் மூன்று பேரும் குனிந்து தட்டைப் பார்த்தோம். சிவப்பு. கழுவினார்கள். மறுபடி சிவப்பு. கசாயம் குடித்த வாய் பாயசம் கேட்கிறதா என்று நர்ஸ் மகளிடம் சும்மா கேலி செய்தாள். மகள் இரண்டு விரல் காட்டினாள்.

அக்கா வெளியே போய் வராந்தாவில் தனியாக உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு சாயா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"எனக்கும் அவ ஒருத்திதான் தம்பி" என்றாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பொட்டலத்தைக் கட்டினது நான்தான் அக்கா, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஒரே நாளில் அவ்வளவு பேசியிருந்தேன்.

மூன்றரைக்குத் தட்டில் விழுந்தது ரோஸாக இருந்தது. அடுத்தது நூல்போல ஒரு கோடு. நாலு மணிக்கு டாக்டரம்மா வந்து டார்ச் அடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். நர்ஸ் தட்டை நீட்டினாள். மகள் துப்பினாள். வெறும் எச்சில்.

"நின்னு" என்றார் டாக்டரம்மா. ரத்தம் நின்றுவிட்டது.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா மறுபடி எங்களை உட்காரவைத்தார். கேட்காமல் விட்ட இரண்டு சந்தேகங்களையும் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தேன். இந்த முறை என்னைப் பார்த்துப் பேசினார். நாட்டு மருந்துக் கடையில் வேலை செய்கிறவர் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார். இரட்டிமதுரத்தை ஊறவைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தால் கூடும் என்றோ கூடாது என்றோ சொல்லியிருப்பேன், பதிமுகத்தையும் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன், பின்னே நம்பர் எதற்கு என்றார். சட்டைப் பையில் அந்த இரட்டிமதுரத் துண்டு இன்னும் கிடந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டு தலையாட்டினேன்.

வீட்டில் ஒரு மாதம் வெறும் தண்ணீர்தான் காய்ச்சினோம். பிறகு ஒரு நாள் மனைவி கெட்டிலில் பதிமுகம் போட்டாள். மகள் தம்ளரை எடுத்துக்கொண்டு போய் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். விருந்தாளி யாரும் இல்லை, மந்திரமும் போடவில்லை. மஞ்சளாகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தாள். அன்றிலிருந்து அப்படித்தான் குடிக்கிறாள். பழம் தீர்ந்த நாளில் தண்ணீரைத் தொட மாட்டாள். அவள் அம்மா திட்டுவாள். நான் பழம் வாங்கி வருவேன்.

தழும்புக் கை மறுபடி கடைக்கு வந்தது. அதே சீட்டு, இப்போது பின்னால் செல்லோடேப் ஒட்டியிருந்தது. வாங்கினேன். படித்தேன். திரும்பாமல் நின்றேன்.

"யாருக்கு?" என்றேன்.

கை மேசையிலிருந்து எழுந்து ஒரு முகத்துக்குப் போனது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வயதுதான் இருக்கும்.

"அம்மாடி, உங்களுக்குப் பேச வருமா? இத்தன வருஷமா ஊமைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்க வீட்டுக்காரருக்குத்தான். வேற யாருக்கும் இல்ல. சத்தியமா."

நிறுத்துக் கட்டினேன். சீட்டில் இருந்த அளவு மட்டும். அவள் போகாமல் நின்றாள்.

"புள்ளை எப்படியிருக்கு?" என்று கேட்டாள்.

பேசுகிறாள் என்றேன். முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள்.